ஊடலா, இருத்தலா: ஏறாத நிரலின் திணை குறித்து

ஆர்டுயினோ ஊனோ பலகையில் நிரல் ஏறாமல் போகும்போது 'நாட் இன் சிங்க்' என்றொரு வாசகமும், பதிலாக வந்தது வெறும் பூஜ்யம் என்ற குறிப்பும் திரையில் வரும். இந்த நிகழ்வு எந்தத் திணையின்பாற்படும் என்பதே இங்கு ஆய்வுப் பொருள். மருதம் என்பது ஆய்வுக்கூட பெஞ்சுகளின் பொதுக்கருத்து. கணினி பத்து முறை கெஞ்சுகிறது, எத்தனையாவது முறை என்று எண்ணியும் காட்டுகிறது, பலகையோ வாயே திறப்பதில்லை, ஆகவே ஊடல். மருதத்தின் சிறுபொழுது வைகறை, புராஜெக்ட் ஒப்படைக்கும் நாளின் வைகறையில்தான் நிரலும் ஏற மறுக்கிறது என்று துணைச் சான்றும் தருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பலகை ஊடவேயில்லை. அது காத்திருந்தது, வரவேண்டியவர்தான் வேறு வீட்டுக்குப் போனார், அல்லது நேரம் தவறி வந்தார். இருத்தல் முல்லைக்கு உரியது.

சான்று பலகைக்குள்ளேயே கிடக்கிறது. ஊனோவின் ஏடிமெகா328பி சில்லில் நிரலுக்கென உள்ள 32 கிலோபைட் நினைவகத்தின் கடைக்கோடியில், வெறும் 512 பைட் இடத்தில், ஆப்டிபூட் என்னும் பூட்லோடர் குடியிருக்கிறது. ரீசெட் ஆனதும் முதலில் வாசலுக்கு வருவது அதுதான். சுமார் ஒரு நொடி பார்க்கும். பதினறும எண்ணில் 30, 20 என்று இரண்டு பைட் வந்தால் 14, 10 என்று பதில் சொல்லும். யாரும் வராவிட்டால் பழைய நிரலை ஓட்டப் போய்விடும். ஒரு நொடியெல்லாம் ஒரு காத்திருப்பா எனின், 16 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் சில்லுக்கு அது 1 கோடியே 60 லட்சம் துடிப்பு. ஒரு கார்காலம் என்று கொள்வதில் பிழையில்லை. அந்த ரீசெட்டையும் கணினிதான் தரவேண்டும். போர்ட்டைத் திறக்கையில் டிடிஆர் கம்பி கீழிறங்க, 100 நானோஃபாரட் மின்தேக்கி வழியே ஒரு துடிப்பு ரீசெட் பின்னைத் தட்டுகிறது. தட்டல் போய்ச் சேராவிட்டால் பலகை தன் பழைய வேலையில், 13ஆம் பின்னின் எல்இடியைச் சிமிட்டியபடி, மும்முரமாக இருக்கும். அப்போது ரீசெட் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்து, திரையில் 'அப்லோடிங்' வந்த கணத்தில் விட்டால் பல நேரம் நிரல் ஏறிவிடுகிறது. பொத்தானை அழுத்தித் தணிகிற ஊடலும் உண்டோ? பொழுது தவறியிருந்தது, அவ்வளவே. கேபிளைப் பிடுங்கிச் செருகுவதும் ரீசெட்தானே எனின், அன்று: மின்சாரம் புதிதாக வரும்போது ஆப்டிபூட் வாசலில் நிற்பதில்லை, நேரே நிரலுக்குப் போய்விடும்.

நிலம் தவறுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காம்3-இல் இருப்பவளைக் காம்1-இல் தேடுவது போர்ட் மெனுவைப் பார்க்காதவரின் குற்றம். 57600 வேகத்தில் பேசும் பழைய பூட்லோடர் உள்ள நானோவிடம் 115200-இல் பொரிந்து தள்ளுவதும் அப்படியே.

மருதவாதிகளின் வலுவான வாதம் 0ஆம் பின்னில் இருக்கிறது. ஹெச்சி-05 புளூடூத் மாட்யூலை 0, 1 பின்களில் செருகிவைத்தால் நிரல் ஏறாது. ஊனோவில் யூஎஸ்பி சில்லின் குரல் 1 கிலோஓம் மின்தடை வழியே அடங்கி வருவதால், பின்னில் நேரடியாக இருப்பவரின் குரலே ஓங்கும். பரத்தை வந்தாயிற்று, இனி ஊடலன்றி வேறென்ன என்பர். அற்றன்று. பரத்தையர் சேரிக்குப் போகிறவன் தலைவன். இங்கே மூன்றாமவர் வந்து தலைவியின் காதையல்லவா பொத்தியிருக்கிறார். காதில் விழாத அழைப்புக்கு அவள் எப்படிக் கோபிப்பாள்? அந்தக் கம்பியைக் கழற்றியதும் முதல் அழைப்பிலேயே 14, 10 வந்துவிடுகிறது. ஊடல் இவ்வளவு மலிவாகத் தீராது.

எல்லாத் தோல்வியும் முல்லைதான் என்று சாதிக்கவும் முடியாது. டேட்டா கம்பிகள் இல்லாத சார்ஜிங் கேபிளில் 5 வோல்ட் மட்டும் ஒருபக்கமாகப் போகிறது. எல்இடி எரிகிறது, பேச்சு இல்லை, போர்ட்டே தோன்றுவதில்லை. அது தெளிவான கைக்கிளை. சில்லின் அடையாள எண் 1இ-95-0எஃப் என்று எதிர்பார்த்த இடத்தில் 1இ-95-14 வந்தால், உள்ளே இருப்பது 328பி இல்லை, பெயரில் ஓர் எழுத்து குறைந்த 328. பெருந்திணை என்பதன்றி அதற்கு வேறு பெயர் கிடையாது. பூட்லோடரே அழிந்துபோன பலகை நெய்தல். வாசலில் நிற்க ஆளே இல்லை. அங்கே இன்னொரு ஊனோவைத் தோழியாக்கி, ஆறு கம்பி வழியே தூது அனுப்ப வேண்டும். கணினி பேசத் தொடங்கும்போது தோழி ரீசெட் ஆகித் தான் வந்த காரியத்தை மறந்துவிடக் கூடாதே என்று அவளுடைய ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் செருகிவைப்பது இத்துறையார் வழக்கு.