எட்டாம் மாடிக் கங்காணி

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் எந்த லயத்தைத் தட்டினாலும் கொழும்பில் ஒருவர் இருப்பார். கடையில் நிற்பவர், ஹோட்டலில் கொத்து போடுபவர், கணக்கு எழுதுபவர் என்று பல வகை. அவர்களில் அபூர்வமான வகை, கடன்பட்டாவது அங்கே ஒரு பிளட் வாங்கிவிட்டவர். பசறைப் பக்கம் இவருக்கு ‘பிளட் மாமா’ என்று பெயர். லுணுகலையிலும் ஒருவர் உண்டு, மடுல்சீமையிலும் உண்டு; முகம்தான் வேறு, சுபாவம் ஒன்று. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி 99ஆம் இலக்க பஸ் ஏறி, விடியப் பனியில் இறங்குவார். கையில் கேக் பெட்டி, சட்டைப்பையில் உறுதியின் போட்டோக்கொப்பி.

உறுதியைப் பற்றிச் சொல்லாமல் மாமாவைப் பற்றிச் சொல்ல முடியாது. கோப்பிக் காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பிறந்து, வளர்ந்து, அதிலேயே செத்தவர்கள். வெள்ளைக்காரத் துரை போனார். 1975இல் தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது. 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு வந்தது. இத்தனை கை மாறியும் காம்பரா ஒருமுறைகூட அதில் குடியிருந்தவன் கைக்கு வரவில்லை. அந்தப் பரம்பரையில் முதன்முதலாக உறுதி எழுதியவர் மாமா. வெள்ளவத்தையில், எட்டாம் மாடியில். “காணி எத்தனை பேர்ச்சஸ் மாமா?” என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் கேக் பெட்டியைத் திறக்கப் போய்விடுவார்.

பிளட்டின் அருமைகளைக் கேட்க வேண்டுமா? இஸ்தோப்பில் பாயைப் போட்டு, ஒரு பிளேன்டீயைக் கையில் கொடுத்தால் போதும்.

“பீலிக்குப் போற வேலயே இல்ல. குழாயத் தொறந்தா தண்ணி. கக்கூஸு ஊட்டுக்குள்ள, அதுவும் ரெண்டு. அட்ட கடிக்காது. ராத்திரி மழ பேஞ்சா காலையில பேப்பர் பாத்துத்தான் தெரியும்.”

இதற்கெல்லாம் சிரிப்பவர்கள் அடுத்ததற்குச் சிரிக்கமாட்டார்கள். “மல நம்ம மேல வந்து விழாது” என்பார், குரலைத் தாழ்த்தி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த மாகாணம் இது. மாமா கடன் வாங்கியதற்கான நியாயம் இந்த ஒரு வரிதான், மற்றதெல்லாம் பந்தா.

குறைகளை அவர் சொல்லமாட்டார், அத்தை சொல்வார். சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கிறது. மேல் வீட்டில் இடிசம்பல் இடித்தால் இவர்கள் வீட்டு லைட் ஆடுகிறது. துணி காயப்போட இடமில்லை. “இதுக்கு நம்ம பழய லயமே தேவல” என்று அத்தை முடிப்பதற்குள் மாமாவுக்குக் கோபம் வராது, உற்சாகம் வரும். ஏனென்றால் அவருடைய பெரிய கண்டுபிடிப்பே அதுதான்: “பிளட்டுன்னா என்னா? படுத்துக் கிடந்த லயத்த நிமித்தி வச்சிருக்கான். அவ்ளோதான்!”

அந்தக் கண்டுபிடிப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. லயத்தை நிமிர்த்தியவர்கள் கங்காணியை வைக்க மறந்துவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் மாடிவீட்டுச் சொந்தக்காரர்களைச் சபையாகக் கூடி, கூரை, படிக்கட்டு, தண்ணீர்த்தாங்கி ஆகிய பொதுச் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. கொழும்பு ஆட்களுக்கு அந்தக் கூட்டம் என்றால் தலைவலி. செயலாளர் பதவிக்கு யார் என்று கேட்டபோது மற்றவர்கள் எல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, மாமா எழுந்து நின்றார். இன்றுவரை உட்காரவில்லை.

அன்றிலிருந்து கட்டடத்தின் புவியியல் மாறிவிட்டது. ஐந்துக்கு மேலே மேட்டு லயம், கீழே பணிய லயம். பிள்ளைகள் விளையாடும் மூலை பிள்ளைக் காம்பரா. வருடாந்தப் பொதுக்கூட்டம் பெரட்டு. பராமரிப்புக் கட்டணம் சந்தா. அதையும் ரூபாயில் சொல்லமாட்டார்; ஒரு நாள் சம்பளம் ஒரு ‘பேர்’ என்ற தோட்டத்துக் கணக்கில்தான். தோட்டத்துச் சம்பளம் நாளுக்கு 1,350 ரூபாயாக இருந்த காலத்தில் “மாசம் பத்துப் பேர்” என்றார். ஆறாம் மாடி டொக்டர், பத்துப் பேரும் எங்கே வந்து நிற்பார்கள் என்று பயந்துபோய்க் கேட்டாராம். வாசல் காவலாளி வெலிமடைக்காரர் என்பதால் பாஷை தெரிந்தவர். ராத்திரி அவர் கதிரையில் கண்ணயர்ந்தால் மாமா படியிறங்கி வந்து, “மல்லி, இன்னிக்கு அரப்பேருதான்” என்று சொல்லிவிட்டு ஏறிப்போவார். சம்பளம் குறைந்ததே இல்லை. ஆனாலும் அந்த மனுஷன் திடுக்கிட்டு எழும்புகிறார்.

மாமாவின் ஆட்சிக்குப் பெரிய சோதனை கருவாட்டால் வந்தது. லயத்தில் கருவாடு பொரித்தால் வாசம் பத்துக் காம்பராவுக்கும் போகும். பின்னாலேயே கிண்ணத்தோடு இரண்டு பிள்ளைகள் வரும். பிளட்டில் வாசத்தின் பின்னால் வருவது நோட்டீஸ். நாலாம் மாடிக்காரர் புகார் எழுத, செயலாளர் என்ற முறையில் மாமா விசாரணைக்குப் புறப்பட்டு மாடி மாடியாக மோந்துகொண்டே போனார். வாசம் எட்டாம் மாடிக்குத்தான் கொண்டுவந்து விட்டது. அத்தை அடுப்படியில் நின்றார். “புகார் பரிசீலிக்கப்படுகிறது” என்று மறுநாள் லிப்டில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

2022இல் இன்னொன்று. கேஸ் கிடையாது, மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. லிப்ட் இல்லாமல் பணிய லயமே மூச்சுவாங்கியபோது, கொழுந்து மூட்டை சுமந்து நாலாம் நம்பர் மலை ஏறிய கால்கள் எட்டு மாடியையும் ஒரே மூச்சில் ஏறின. அதுதான் அவருக்குப் பொற்காலம். ஆனால் மேலே போய் எதில் சமைப்பது? பசறையிலிருந்து தங்கச்சி போன் எடுத்து, “அண்ணே, இங்க கவ்வாத்து மிலாறு கட்டுக்கட்டாக் கெடக்கு, அனுப்பவா?” என்று கேட்டாள். கேலியா கரிசனமா தெரியவில்லை. மாமா பல்கனியில் மூன்று கல் வைத்து, உடைந்த கதிரைக் காலை எரித்து, சோறு வடித்தார். புகை ஒன்பதாம் மாடிக்குப் போனது. புகார் செயலாளருக்கு வந்தது. செயலாளர் எட்டாம் மாடிக் குடியிருப்பாளருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். குடியிருப்பாளர் வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதினார். இரண்டும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. இரண்டையும் கோப்பில் பார்த்தவன் நான்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னாரே, அன்றும் படியேறினார். “நம்ம தோட்டத்துல கொரங்கு மரவள்ளியத்தான் புடுங்கும். இது நாட்டோட பியூஸயே புடுங்கிருச்சு!” என்று ஒவ்வொரு மாடியிலும் நின்று சொல்லிக்கொண்டே போனார்.

போன தீபாவளிக்கு வந்தபோது தோட்டத்தில் புது வீடுகள் எழும்பியிருந்தன. ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ், 550 சதுர அடி, சுவரை யாரோடும் பங்குபோடாத தனி வீடு. ஜன்னலைத் திறந்து மூடிப் பார்ப்பதற்கென்றே சில கிழவிகள் அங்கே போய்வந்தார்கள். மாமா சுற்றிப் பார்த்தார். அவருக்கு என்னவோ போலிருந்தது. பொதுச் சுவர் இல்லை, பொதுக் கூரை இல்லை, பொதுப் படிக்கட்டும் இல்லை. அப்படியானால் செயலாளருக்கு என்ன வேலை?

தோட்டத் தலைவரைக் கூப்பிட்டார்.

“தம்பி, எல்லா வூட்டையும் சேத்து ஒரு சபை போடணும். மாசம் சின்னதா ஒரு சந்தா…”

“அண்ணே, சங்கத்துக்குச் சந்தா புடிக்கிறாங்க. கோயிலுக்குப் புடிக்கிறாங்க. மரண சகாயத்துக்குப் புடிக்கிறாங்க. நீங்க எதுக்கண்ணே புடிக்கப்போறீங்க?”

மாமா யோசித்தார். சுற்றிலும் பார்த்தார்.

“பொது வாங்கு ஒண்ணு போட்ருவோம். அப்புறம் அதப் பராமரிக்கணும்ல?”