முழுத் தும்பிக்கை: ஜார்ஜ் மன்னர் நாலணாவில் அச்சு விழுந்த விதம் குறித்து ஓர் ஆய்வு

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மார்பில் ஒரு யானை நிற்கிறது. அதற்குத் தும்பிக்கை சரியாக விழுந்திருக்கிறதா என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வுக் களம் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். பிற ஊர்களை விலக்கியது என்னை எனின், இவ்விரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்கள். மலையில் காட்டு யானை, திருவிழாத் தெருவில் கோயில் யானை என இரண்டையும் பார்த்து வளர்ந்தவர்களிடம் அரைகுறைத் தும்பிக்கை செலாவணி ஆகாது.

இச்சிக்கலின் தோற்றுவாய் 1911. அவ்வாண்டு வெளிவந்த வெள்ளி ரூபாயில், மன்னரின் அங்கிமேல் கிடக்கும் விருது ஆரத்தில் ஒரு குட்டி யானை பொறிக்கப்பட்டிருந்தது. உருவத்தை வடித்தவர் பெர்ட்ரம் மெக்கென்னல் என்ற ஆஸ்திரேலியச் சிற்பி. தும்பிக்கை குட்டையாகப் போனதால் சனங்கள் அதைப் பன்றி என்று படித்தார்கள். மன்னர் நெஞ்சில் பன்றியா என்று ஊரெல்லாம் முணுமுணுப்பு எழ, அரசாங்கம் காசைத் திரும்பப் பெற்றது, பெரும்பகுதி உருக்கப்பட்டது. 1912 முதல் தும்பிக்கை நீண்டது, காது விரிந்தது. ஒரு பேரரசு யானையின் மூக்கைத் திருத்துவதற்காகத் தன் நாணய அச்சையே மாற்றியது. இதைவிடச் சிறிய காரணத்துக்கு ஆய்வேடுகள் எழுதப்பட்டு, பட்டங்களும் வழங்கப்பட்டிருக்கின்றன.

ரூபாயில் யானை கண்ணுக்குத் தெரியும். நாலணாவில் கடுகளவு. 19 மில்லிமீட்டர் விட்டம், 2.92 கிராம் எடை, நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி கொண்ட அந்தக் காசில்தான் நம் ஆய்வு உண்மையில் தொடங்குகிறது. ஏனெனில் அமெரிக்காவின் டைம் என்னும் வெள்ளிப் பத்து சென்ட் காசுக்கு உருவத்தாலும் எடையாலும் நெருங்கிய உறவு நம் நாலணாதான்; டைம் 17.9 மில்லிமீட்டர், 2.5 கிராம். அவர்களுடைய 1916 முதல் 1945 வரையிலான மெர்க்குரி டைமின் பின்புறத்தில் கோல்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டும் கோடரியும் உண்டு. அந்தக் கட்டின் நடுவில் ஓடும் பட்டைகள் இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் ‘முழுப்பட்டை’ என்று சான்றிதழ் தருவார்கள். 1945இல் பிலடெல்பியாவில் அடித்த டைம், கைபடாத புதுக்காசாக இருந்தாலும் சில பத்து டாலர்தான்; அதே காசில் பட்டை பிரிந்திருந்தால் ஆயிரக்கணக்கில் விலை. ஒரு மயிரிழைப் பள்ளத்துக்கு இவ்வளவு பணம் கொடுக்கிறவர்களைப் பார்த்த பிறகும் நாம் யானையைச் சும்மா விட்டுவைத்திருப்பது முறையன்று. ஆகவே ‘முழுத் தும்பிக்கை’ என்னும் தகுதியை ஆய்வாளர் இவண் முன்மொழிகிறார்.

மறுப்பார் உளர். தும்பிக்கை தெரியாதது காசு தேய்ந்ததால் இருக்கலாமே, அச்சின் மேல் ஏன் பழி போட வேண்டும் என்பர். நல்ல கேள்வி; நாணயத் தரம் பார்ப்பதில் பாதிச் சண்டை இதனால் வருவதே. காய்ச்சி இளக்கிய வெள்ளி வில்லை இரண்டு அச்சுகளுக்கு நடுவே அழுத்தப்படும்போது உலோகம் முதலில் மேடான இடங்களை விட்டு நகர்ந்து, ஆழமான குழிகளுக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும். கொழுக்கட்டை அச்சில் மாவு குறைந்தால் மூலை மழுங்குகிற கதைதான். அச்சுகளுக்கிடையே இடைவெளி சற்றுக் கூடினாலும், வில்லை கடினமாக இருந்தாலும், அச்சு கிழடு தட்டியிருந்தாலும் அந்தக் குழி நிரம்பாது. காசு ஒரு கையும் படாமலே மழுங்கிப் பிறக்கும். 1912க்குப் பிறகு அடித்த திருத்திய யானையும் இப்படி மீண்டும் பன்றியாவது உண்டு. அதை ஆய்வாளர் ‘பன்றி மீள்வரவு’ என்று பெயரிட்டு, பெயரிட்டதற்கான பெருமையையும் தாமே எடுத்துக்கொள்கிறார்.

பிறவிக் குறையையும் வாழ்க்கைத் தேய்மானத்தையும் பிரிக்க வழி உண்டு. குழல்விளக்கை அணைத்துவிட்டு ஒற்றைக் குண்டுபல்பின் கீழ் காசைச் சாய்த்துத் திருப்ப வேண்டும். புதுக்காசின் மேல் ஒளி ஆரக்கால் போலச் சுழலும். மழுங்கிய யானையின் மேலும் அந்த ஒளி அறுபடாமல் ஓடினால் அச்சு சரியாக விழவில்லை என்று பொருள். அச்சடிக்கும் முன்பு வில்லையில் இருந்த கீறல்கள்கூட அங்கே அப்படியே தங்கியிருக்கும். யானைமேல் வந்ததும் ஒளி செத்துச் சாம்பல் நிறமாக வழுவழுத்தால் அது பல கைகளும் பைகளும் செய்த வேலை.

இவ்விடத்தில் களத்தின் இரு மரபுகளும் மோதுகின்றன. ராஜபாளையத்தார் மில்லும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியும் அறிந்தவர்கள். ஓர் அங்குலத்தில் இழை எத்தனை என்று பார்க்கும் பிக் கிளாஸ் அவர்கள் கையில் உண்டு. அதைக் காசின் மேல் வைத்துத் தும்பிக்கையை எண்ணக்கூட முற்படுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மரபோ கடைமேசை மரபு. சுண்டிப் பார்ப்பதும் நிறுத்துப் பார்ப்பதுமே அதன் கருவிகள். ஒரு ரூபாய் ஒரு தோலா, நாலணா கால் தோலா என்று காசையே எடைக்கல்லாகக் கண்ட நெடிய பரம்பரை அதற்கு உண்டு. இரு மரபும் சந்தித்தால் உரையாடல் இவ்வாறு அமையும்:

“அண்ணாச்சி, தும்பிக்கை நுனி வரைக்கும் விழுந்திருக்கு, பாருங்க.”

“எடை இருக்கா ராஜா? இருந்தா வையுங்க. தும்பிக்கையை நிறுத்து எவன் காசு குடுப்பான்?”

மூன்றாவது மரபொன்றும் உண்டு. அது வீட்டு மரபு. மற்ற இரண்டையும்விட வலிமையானது. வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்கு வகுத்த ஒன்று முதல் எழுபது வரையிலான அளவுகோலைத்தான், 1986இலும் 1987இலும் பணி தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய தரச்சான்று நிறுவனங்கள் வெள்ளிக்கும் பயன்படுத்துகின்றன. நம் பாட்டிகளுக்கோ மூன்றே படிகள்: முகம் தெரியுது, முகம் தெரியலை, கொலுசுக்குப் போடலாம். இவற்றுள் மூன்றாம் படிக்கு இறங்கிய காசை மேல்முறையீடு செய்ய இயலாது. முதற்படியில் தேறியதையும் வெள்ளிக்கிழமைதோறும் விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். சுழலும் ஒளி அத்தோடு போயிற்று. காசு மாலைக்கென்று காது பற்றவைத்துவிட்டாலோ, யானை முழுசாக இருந்தாலும் மேல்நாட்டுச் சான்றாளர் ‘சேதம்’ என்று எழுதிவிடுவார். பத்திரமாக வைத்திருந்த காசுகளைவிட, மறந்து பரணில் கிடந்து கறுத்துப்போனவையே தும்பிக்கையோடு தேறுகின்றன என்பது ஆய்வாளரின் துணிபு. அக்கறையில்லாத குடும்பங்களுக்கு நாணயவியல் கடன்பட்டிருக்கிறது.

எஞ்சியிருப்பது தேர்வு முறை. ‘முழுத் தும்பிக்கை’ வழங்குவதற்கு நடுவர் ஒருவர் வேண்டும். மில்காரர் எண்ணுவார், கடைக்காரர் நிறுப்பார். இருவரும் ஒத்துவர மாட்டார்கள். ஆகவே புறத்தேர்வாளராகக் கோயில் யானைப் பாகர் ஒருவரை அழைத்து, மதிப்பூதியமாகக் கால் கிலோ பால்கோவா வழங்கலாம் என்பது பரிந்துரை. இதில் ஓர் இடர் உண்டு. பாகர் பிக் கிளாஸைக் கண்ணில் வைத்ததும் தும்பிக்கையைப் பார்க்க மாட்டார், “இது கொம்பனா, பெட்டையா?” என்றுதான் முதலில் கேட்பார். அதற்கு விடை காண இன்னொரு நாலணாவும் இன்னொரு ஆய்வேடும் தேவைப்படும். நிதி உதவி கோரும் விண்ணப்பம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.