தூங்காத சாமந்தி: குண்டு பல்பு முதல் எல்.இ.டி. வரை ஓர் ஒளியியல் விசாரணை

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும் ராமகுப்பத்தில், வெயில் வராத அறைக்குள் செடி வளர்க்க எந்த பல்பு ஏற்றது என்ற கேள்வியை எவரும் முறைப்படி எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பக்கத்தில் குப்பத்தில் 1997-லேயே திராவிடப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. ஆனாலும் பல்பு விஷயம் அப்படியே கிடக்கிறது. ஒரு மாடி அறை, ஒரு துளசித் தொட்டி, ஒரு சாமந்தித் தொட்டி, வீட்டுக்கார அம்மாவின் பொறுமை ஆகியவற்றைச் செலவழித்து நான் நடத்திய ஆய்வின் சுருக்கம் இது.

முதலில் சொல்லாராய்ச்சி. அது இல்லாமல் தமிழில் எந்த ஆய்வும் செல்லாது. நம்மூர்ச் செடி தெலுங்குக்குப் போனதும் ‘செட்டு’ ஆகிறது. செட்டு என்றால் மரம். உரமில்லை, பல்பில்லை, ஓர் எழுத்தை அழுத்திச் சொன்னதிலேயே செடி மரமாகிவிட்டது. இதைவிடச் சிக்கனமான வளர்ச்சி முறை இனி வரப்போவதில்லை. வெளிச்சத்துக்கு மூன்று மொழியிலும் மூன்று சொல் இருக்கிறது. அது நின்றுபோனால் மட்டும் மூவருக்கும் ஒரே சொல்: கரண்ட்.

அடுத்து இலக்கணம். தொல்காப்பியர் செடிகொடிகளுக்குக் கொடுத்தது ஓரறிவு. தொட்டால் தெரியும், அவ்வளவுதான். கண் நாலாவது அறிவாகத்தான் வருகிறது. செடிக்குக் கண்ணும் உண்டு என்பது என் முடிவு. நடுவில் நாக்கையும் மூக்கையும் தாண்டி எப்படி அது நாலாம் அறிவுக்குப் போனது என்பதை இலக்கணக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி கடைக்குப் போவோம். பல்பு அட்டைப்பெட்டியில் லூமன் என்று ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள். அது மனுஷக் கண்ணுக்கான கணக்கு. நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பக்கத்துப் பச்சைதான் பளிச்சென்று தெரியும். இலையோ அந்தப் பச்சையில்தான் கொஞ்சம் அசட்டையாக இருக்கும், மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் அது பச்சை. 1882-இல் எங்கெல்மான் என்ற ஜெர்மானியர் ஒரு பாசி இழையின் மேல் வானவில் நிறங்களை வரிசையாக விழச் செய்து, பிராணவாயுவைத் தேடி ஓடும் பாக்டீரியாக்களைச் சுற்றிலும் விட்டார். பந்தியில் இலை போட்ட பக்கம் ஜனம் ஓடுவதுபோல, அவை சிவப்பிலும் நீலத்திலும் போய் மொய்த்தன. செடியின் சாப்பாடு எது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அட்டைப்பெட்டிக்கு இன்னும் தெரியவில்லை.

குண்டு பல்பை முதல் வாரத்திலேயே தள்ளுபடி செய்தேன். 100 ரூபாய்க்குக் கரண்ட் கொடுத்தால் 5 ரூபாய்க்கு வெளிச்சம் தந்து, பாக்கிக்கு அடுப்பு மூட்டுகிற சாதனம் அது. துளசியின் நுனி கருகி, கஷாயத்துக்குத் தயாரானது. ட்யூப்லைட் குணத்தில் பரவாயில்லை, ஆனால் அது நாலடி, என் தொட்டி அரையடி. சிவப்பும் நீலமும் கலந்த செடி விளக்கு ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அறை ரெக்கார்டு டான்ஸ் மேடை மாதிரி ஆனது, துளசி கறுப்பாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கார அம்மா மேலே வந்து, “என்ன தம்பி நடக்குது இங்க?” என்று கேட்டார். ஆய்வு நடக்கிறது என்றேன். நம்பவில்லை.

கடைசியில் நின்றது சாதாரண 9 வாட் வெள்ளை எல்.இ.டி. உள்ளே இருப்பது நீல விளக்கு, மேலே மஞ்சள் பூச்சு, இரண்டும் சேர்ந்து நமக்கு வெள்ளை. அந்த நீலத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு. பல்பைவிட முக்கியம் அது தொங்கும் உயரம். நடுப்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். இந்த பல்பு ஒரு மீட்டர் தள்ளி 150 லக்ஸ் கொடுத்தாலே அதிகம். ஒரு அடிக்கு இறக்கினால் பத்து மடங்காகிறது. கூரையில் மாட்டிவிட்டுச் செடி வளரவில்லை என்பவர், மொட்டை மாடியில் இலை போட்டுத் தரையில் உட்கார்ந்தவருக்குப் பரிமாறுகிறார். நான் ஒரு சாண் உயரத்தில் கட்டினேன். தினம் 12 மணி நேரம், மாதம் 3.24 யூனிட். துளசி தளிர்த்தது.

சாமந்திதான் ஆய்வைக் கவிழ்த்தது. ஜன்னலோரம் வைத்து, இருட்டியதும் பல்பைப் போட்டு, ராத்திரி 11 மணிக்கு அணைத்தேன். இலை இலையாகப் பெருத்தது. ஒரு மொட்டு இல்லை. கீழ்வீட்டுக்கு வந்த தோட்டக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“ராத்திரியெல்லாம் லைட்டு போட்டா எப்டி சார் மொக்கு விடும்? அது தூங்கணும் சார்.”

“சாப்பாடு குறையக்கூடாதுன்னு போட்டேன்.”

“நாங்க பூ வரக்கூடாதுன்னுதான் சார் லைட்டே போடுறோம்!”

ஓசூர், கோலார் பக்கம் ராத்திரி பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: கல்யாண வீடு மாதிரி வரிசையாக பல்பு எரியும் சாமந்தித் தோட்டம். சாமந்தி நீண்ட இரவு கண்டால்தான் பூக்கும். நம் அட்சரேகையில் ஆனி மாதப் பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. சும்மா விட்டால் நாற்று முழங்கால் உயரம் வருமுன்னே மொக்கு வைத்துவிடும். அதனால் நட்ட சில வாரங்களுக்கு நடுராத்திரி விளக்குப் போட்டு இரவை இரண்டாகக் கிழிக்கிறார்கள். செடி இது கோடைகாலம் என்று ஏமாந்து வளர்கிறது. பண்டிகைக் கணக்குப் பார்த்து விளக்கை நிறுத்தினால் பூ வரும். 1920-இல் கார்னரும் அல்லார்டும் புகையிலையை வைத்துப் பகலின் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்று எழுதினார்கள். செடி எண்ணுவது பகலை அல்ல, இரவை என்பது பிறகுதான் தெரிந்தது. இலைக்குள் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமிதான் அந்தக் கண். சிவப்பு வெளிச்சம் கொஞ்சம் பட்டாலும் விழித்துக்கொள்ளும்.

ஆக வெளிச்சம் செடிக்குச் சோறு, கடிகாரமும் அதுவே. சோற்றுக்கு நிறைய வேண்டும், கடிகாரத்தைக் கெடுக்க ஒரு ஜீரோ வாட் பல்பு போதும். (அந்த ஜீரோ வாட் பல்பு உண்மையில் 15 வாட் வரை இழுக்கும் என்பது வேறொரு கட்டுரைக்குரிய மோசடி.) இலைக்காக வளர்க்கும் துளசிக்கும் கீரைக்கும் எல்.இ.டி.யைக் கிட்டத்தில் கட்டுங்கள். பூச்செடிக்கு மட்டும் பல்பு வாங்குமுன் சுவிட்ச் எங்கே என்று பாருங்கள்.

ஊரெல்லாம் விளக்கேற்றிய கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம், நான் மட்டும் விளக்கை அணைத்தேன். தை மாதக் கடைசியில் 11 பூ பூத்தது. சங்கராந்திக்கு முழம் போட்டு வாங்கியது தனிக் கணக்கு.