செக்போஸ்ட் மாஸ்க்

கேரளாவில் நிபா என்று செய்தி வந்தால் போதும், எல்லைச் சோதனைச்சாவடிகளில் காய்ச்சல் பார்க்கும் மேசை முளைத்துவிடும். அப்படியொரு வாரத்தில் போடி டீக்கடை பெஞ்சில் இருவர். ஒருவர் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். சர்வீஸில் பாதியை மலேரியாவோடும் மீதியை அறிக்கைகளோடும் கழித்தவர். மற்றவர் எல்லை தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் கூலிப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். ஆய்வாளர் கையில் அவரே எழுதிய துண்டறிக்கை. ரிட்டயர் ஆனாலும் கை சும்மா இருக்காது.

ஆய்வாளர்: தம்பி, இந்தத் தலைப்பைக் கேளு. "ஆபத்தை உணர்வோம், நோயைத் தடுப்போம்." எப்படி?

டிரைவர்: நல்லா இருக்கு சார். போன தடவை கொரோனாவுக்கு "விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு"ன்னு சொன்னீக. விழிச்சிருந்ததுல ஒரு குறையும் வைக்கல, நாலு மணிக்கே எந்திரிச்சிருவோம். விலகி இருக்கத்தான் ஜீப்புல எடமில்ல. வீட்டுல இருந்தா அடுப்புல பூனை தூங்கும்.

ஆய்வாளர்: இதுதான் பொதுமக்களிடம் உள்ள கோளாறு. ஆபத்து பற்றிய உணர்வே கிடையாது!

டிரைவர்: போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு சார். பனி எறங்குனா முன்னால போற வண்டியோட செவப்பு லைட்டுகூடத் தெரியாது. அதுல தெனமும் ஏறி எறங்குறவனப் பாத்து உணர்வு இல்லைங்கிறீகளே.

ஆய்வாளர்: அப்படியானால் கொரோனா நேரத்தில் முகக்கவசம் ஏன் தாடைக்குக் கீழே தொங்கியது?

டிரைவர்: அதுக்குப் பேரே செக்போஸ்ட் மாஸ்க். முந்தல் செக்போஸ்ட் வர்றதுக்கு முன்னால நான் ஒரு ஹாரன் அடிப்பேன். பதினாலு பேரும் ஒரே நேரத்துல மூக்குக்கு ஏத்துவாக. பள்ளிக்கூடத்துப் பிள்ளைககூட அப்படி டிரில் செய்யாது. மொத வளைவு திரும்பினதும் தானா எறங்கிரும்.

ஆய்வாளர்: வெட்கக்கேடு! உலகமே நடுங்கும் வைரஸுக்குப் பயமில்லை, 200 ரூபாய் ரசீதுக்குப் பயம்!

டிரைவர்: ரசீது நிச்சயம் சார். மாட்டினா இன்னைக்கே, இந்த எடத்துலயே. வைரஸு பத்து நாள் கழிச்சு வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் எனக்கு வருமா, பின்சீட்டு அக்காவுக்கு வருமான்னு யாரு கண்டா? எது உறுதியோ அதுக்குத்தான மனுசன் பயப்படுவான். இன்னொன்னும் கேக்கணும். 2020 செப்டம்பர்ல ஆளுகளக் கொல்ற சீக்குக்கு 200 ரூபா போட்டீக. 2022 ஜனவரியில ஒமைக்ரான்னு கொஞ்சம் சாதுவா ஒன்னு வந்துச்சு, அதுக்கு 500 ஆக்குனீக. சீக்கு எறங்க எறங்க ரேட்டு ஏறுது. ஏலக்காய் மார்க்கெட்டுலகூட இந்தக் கணக்கு கெடையாது.

ஆய்வாளர்: (தொண்டையைச் செருமி) அது அரசாணை. நீ அறிவியலைக் கேள். 1950களில் அமெரிக்காவில் காசநோய் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வசதியைக் காசில்லாமல் வீட்டுப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். அப்படியும் பலர் வரவில்லை. ஹாக்பாம் என்கிற உளவியலாளர் ஏன் என்று ஆராய்ந்தார். "எனக்கும் நோய் வரலாம், முன்கூட்டியே பார்த்தால் பலன் உண்டு" என்று இரண்டையும் நம்பியவர்களில் நூற்றுக்கு 82 பேர் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 பேர்தான். ஆக, நம்பிக்கையை மாற்றினால் நடத்தை மாறும் என்பது கோட்பாடு.

டிரைவர்: நல்ல மனுசன். ஆனா எக்ஸ்ரே எடுக்கப் போனா அன்னைக்குக் கூலி போகுமான்னு கேட்டாரா?

ஆய்வாளர்: அதற்கும் அந்தக் கோட்பாட்டில் ஒரு கட்டம் இருக்கிறது. "தடைகள்" என்று பெயர்.

டிரைவர்: எங்க குடியிருப்பே அந்தக் கட்டத்துக்குள்ளதான் சார். வரும்னும் தெரியும், மாஸ்க்கு காப்பாத்தும்னும் தெரியும். எட்டுப் பேர மட்டும் ஏத்துனா டீசலுக்குக் கட்டாதுன்னும் தெரியும்.

ஆய்வாளர்: அதனால்தான் ஆளுக்கு இரண்டு மடங்கு வாடகை வாங்கிக்கொண்டு பதினாலு பேரையும் ஏற்றினாயோ?

டிரைவர்: (டீயை ஊதுகிறார். நெடுநேரம் ஊதுகிறார்.) அது... ரிஸ்க்கு அலவன்ஸ் சார்.

ஆய்வாளர்: வண்டி முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும், கண்ணாடியில் வேப்பிலைக் கொத்தும் கட்டியிருந்தாய். அதற்கு மட்டும் தடை இல்லையா?

டிரைவர்: பழம் அஞ்சு ரூபா. கட்டுனா யாரையும் எறக்கிவிட வேண்டியதில்ல. நீங்க மட்டும் என்ன, கபசுரக் குடிநீர் குடுத்தீகளே. அதுக்கு வரிசை பாத்தீகளா? தோளோட தோள் ஒரசிக்கிட்டு, டம்ளருக்குக் கை நீட்டி, முன்னால நின்னவர் இருமினா பின்னால நின்னவர் "அவருக்கு ரெண்டு டம்ளர் ஊத்துங்கய்யா"ன்னு சிபாரிசு பண்ணி... கசாயம் உள்ள போனதும் மாஸ்க்கு வெளிய வந்துருச்சு. குடிச்சாச்சுல்ல, இனி என்னங்கிற தைரியம்.

ஆய்வாளர்: (சற்றுக் குரல் இறங்கி) அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியவனே நான்தான். வட்டம் போட்டிருந்தேன், சுண்ணாம்பில்.

டிரைவர்: வட்டம் நல்ல வட்டம். ஒரு வட்டத்துல மூணு பேரு நின்னாக.

ஆய்வாளர்: பயம் போதவில்லை, அதுதான் காரணம். சென்னையில் ஒரு காவல் ஆய்வாளர் கொரோனா வடிவத்தில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்றாரே, அப்படி இங்கேயும் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

டிரைவர்: டிவியில அதப் பாத்துட்டு என் பேரன் எனக்கும் ஒன்னு வேணும்னு அழுதான். பயம் போதலைங்கிறீக, எனக்கென்னமோ பயம் கூடிப்போச்சுன்னு தோணுது. அதே சென்னையில 2020 ஏப்ரல்ல, சீக்குல செத்துப்போன டாக்டரப் பொதைக்க விடாம ஆம்புலன்ஸுல கல்லெறிஞ்சாகளே. அவுகளுக்கா பயமில்ல? நெஞ்சு முட்டப் பயம். மூடிப் பொதைச்ச பொணத்துல இருந்து கிருமி எழும்பி வந்து யாரத் தொத்தப்போகுது? அந்தக் கூட்டத்துல பக்கத்துல நின்னு கத்துனவன் வாயில இருந்துதான் தொத்தும். ஆனா பக்கத்துல நிக்கிறவன் நம்ம தெருக்காரன். நம்ம ஆளுக்கு நோய் இருக்காதுன்னு ஒரு நெனப்பு. இங்கயும் அதான். வெளியூர்ல இருந்து வந்தவன் வீட்டுப் பக்கம் எட்டிப்பாக்க மாட்டோம். மச்சான் வீட்டுக் காதுகுத்துக்கு ஊரே போவோம்.

ஆய்வாளர்: (துண்டறிக்கையில் எதையோ அடித்துவிட்டு) தெரியாதது பெரிய ஆபத்தாகத் தெரியும், பழகியது சிறிதாகத் தெரியும் என்று பால் ஸ்லோவிக் 1987லேயே எழுதியிருக்கிறார்.

டிரைவர்: அவரு ஏலத்தோட்டத்துக்கு வந்திருக்காரா? இங்க மருந்தடிக்கிற பையன் முதுகுல டிரம்ம மாட்டிக்கிட்டு, வெறும் மூஞ்சியோட, காத்துக்கு எதிராவும் அடிப்பான். சாயங்காலம் கண்ணு ரெண்டும் செவந்திருக்கும். கேட்டா "பழகிருச்சுண்ணே"ம்பான். வருசம் பூராவும் வெஷத்த மோந்துக்கிட்டு இருக்கறவன்கிட்டப் போயி, கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு மூக்க மூடுன்னா, "எதுக்குண்ணே"ன்னுதான் கேப்பான். மருந்தடிக்கிறப்போ அவன் மூக்க மூட யாரும் ரசீது போடலையே.

(இந்த இடத்தில் ஆய்வாளர் பேசாமல் இருந்தார். சர்வீஸில் எத்தனையோ சுவர்களில் கொசுமருந்து அடித்த தேதி எழுதியவர். தோட்டத்து மருந்து டிரம்மில் ஒன்றும் எழுதியதில்லை. அது வேறு துறை.)

ஆய்வாளர்: சரி, தடுப்பூசிக்கு என்ன சொல்வாய்? அதற்குக் கூலித் தடை இல்லை, ஜீப் தடை இல்லை. 2021 ஏப்ரல் 15இல் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போடுங்கள் என்றார். 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். மறுநாளே என் முகாமில் ஈ ஓட்டினேன்.

டிரைவர்: எங்க ஜீப்புல அன்னைக்கு வேற பேச்சே இல்ல.

ஆய்வாளர்: இதய ரத்தக்குழாய் முழுக்க அடைத்திருந்தது என்று மருத்துவமனையே சொன்னது. ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழு அக்டோபரில் அறிக்கை கொடுத்தது.

டிரைவர்: அக்டோபர்லயா? அதுக்குள்ள ரெண்டாவது அலையே வந்துட்டுப் போயிருச்சே சார். அந்தச் சேதி ஜீப்புக்குள்ள வரவே இல்ல. பரவாயில்ல, நாங்களும் போட்டுக்கிட்டோம்ல.

ஆய்வாளர்: மே மாதச் சாவுகளைப் பார்த்துப் பயந்துதானே?

டிரைவர்: பாதி அது. மீதிய நீங்க ஒத்துக்க மாட்டீக. ஆகஸ்ட் 5ல இருந்து கேரளாவுல இருந்து தமிழ்நாட்டுக்குள்ள வரணும்னா ரெண்டு டோஸ் சர்டிபிகேட்டு, இல்லைன்னா டெஸ்ட் ரிசல்ட்டுன்னு அறிவிச்சாகள்ல. காலையில போயி சாயங்காலம் சொந்த வீட்டுக்குத் திரும்பச் சீட்டு கேட்டா என்ன பண்றதுன்னு எங்க அக்காமாருக எல்லாம் வரிசையில நின்னுட்டாக. செப்டம்பர் 12 மெகா முகாம் வேற, வீட்டுப் பக்கத்துலயே, ஞாயித்துக்கெழமை. கூலி போகல. அன்னைக்கு மட்டும் உங்க "தடைகள்" கட்டம் காலி.

ஆய்வாளர்: அப்படியானால் விழிப்புணர்வு?

டிரைவர்: அது எங்ககிட்ட எப்பவும் இருந்துச்சு. சீட்டுதான் இல்ல.

ஆய்வாளர் துண்டறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டார். திங்கள்கிழமை தேனி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுக்கப்போவதாகச் சொன்னார்: அடுத்த தொற்றுக்காலத்தில் ஜீப்புகளுக்கு என்ன ஏற்பாடு என்று.

டிரைவர்: குடுங்க சார். மொத வரியிலேயே பயம், உணர்வுன்னு ஆரம்பிச்சிராதீக. எட்டுப் பேர ஏத்துனா மீதி ஆறு சீட்டு வாடகைய யாரு குடுப்பான்னு ஆரம்பிங்க. அதுக்குப் பதில் வந்துருச்சுன்னா மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்துறது என் பொறுப்பு. ரெண்டு மடங்கு வாடகையும் கேக்க மாட்டேன்.