கந்தமாதனத்துக்கு 21 கியர்

ராமேசுவரம் தீவிலேயே உயரமான இடம் கந்தமாதன பர்வதம். பெயரைக் கேட்டால் இமயமலைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று தோன்றும். நேரில் போனால் ஒரு மணல்மேடு, அதன் தலையில் ஒரு மண்டபம், உள்ளே ராமர் பாதம். அவ்வளவு சின்ன மேட்டில் ஏறி நின்றாலே தீவு மொத்தமும் கண்ணுக்குள் வந்துவிடுகிறது என்றால், மற்ற இடமெல்லாம் எவ்வளவு தட்டை என்று பார்த்துக்கொள்ளலாம். பாம்பனைத் தாண்டி மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று எங்கிட்டுப் போனாலும் இதே கதைதான். கண்மாய்க் கரைதான் இங்கே மலைத்தொடர். சைக்கிள்காரன் சொல்லிக்கொள்ளும்படியான ஏற்றம் ஒன்று உண்டு. அதையும் இயற்கை கொடுக்கவில்லை, அரசாங்கம் கட்டிக்கொடுத்தது. 1988-ல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி சாலைப் பாலம் அடியில் படகுகள் போகவேண்டும் என்பதற்காக நடுவில் முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இப்பேர்ப்பட்ட சீமையில்தான் நம்முடைய மலைச் சைக்கிள்காரர் வாழ்கிறார், 21 கியரோடு.

அவர் பெரும்பாலும் நாற்பதை ஒட்டியவர். வங்கியிலோ தாலுகா அலுவலகத்திலோ இருப்பார். இல்லாவிட்டால் துபாயிலிருந்து திரும்பி வந்தவர். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை லேசாக எட்டிப் பார்த்த மாதத்தில் அவருக்குச் சைக்கிள் ஆசை பிறக்கிறது. சைக்கிள் வாங்குவதற்கு முன் மூன்று மாதம் படிக்கிறார். படிப்பு முடிந்து வெளியே வருகிறவர் பழைய மனிதர் அல்ல. ‘ஹார்ட்டெயில்’, ‘எண்டூரோ’, ‘டிரெயில்’, ‘120 மில்லி டிராவல்’ என்று அவர் பேசுவதைக் கேட்கும் மைத்துனர், ஏதோ புது மருந்துச் சீட்டு என்று நினைத்துக் கவலைப்படுகிறார். டீக்கடையில் யாராவது தன் பையனுக்குச் சைக்கிள் வாங்கவேண்டும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போயிற்று. டீ ஆறும், பேச்சு ஆறாது. ஹெல்மெட் உண்டு, கையுறை உண்டு, எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று கணக்கு வைக்கும் செயலி உண்டு. சைக்கிளில் இல்லாதவை மட்கார்டு, கேரியர், மணி, செயின் கவர். கேட்டால், எடை கூடும் என்பார். தன் எடையைப் பற்றி அவர் எதுவும் சொல்வதில்லை.

அவர் படித்தது பொய் இல்லை, இதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். வேல்ஸ் நாட்டின் கோய்ட் எ பிரெனின் காட்டில் 1990-களில் மலைச் சைக்கிளுக்கென்றே தடங்கள் வெட்டினார்கள். பிறகு பிரிட்டன் முழுக்க அதுபோன்ற தட மையங்கள் வந்தன. தடங்களுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்தின்படி நிறம் கொடுத்திருக்கிறார்கள். நீலத் தடத்துக்கு முன்பக்கம் மட்டும் ஷாக் வைத்த சைக்கிள் போதும். சிவப்பில் கல்லும் வேரும் கூடும், அங்கே பின்பக்கமும் ஷாக் இருந்தால் உடம்பு பிழைக்கும். அங்கே முதலில் தடம், அதற்குப் பிறகுதான் சைக்கிள். அதற்கும் முந்தைய கதை இன்னும் அழகு. 1970-களில் கலிபோர்னியாவின் டமல்பையஸ் மலையில் கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஜோ பிரீஸ் முதலிய இளைஞர்கள் உருண்டு இறங்கியது, பேப்பர் போடும் பையன்கள் ஓட்டிய பழைய கனத்த சைக்கிள்களில்தான். தடித்த டயர் கல்லைத் தாங்கும், அது ஒன்றே காரணம். இறங்குவதற்குள் பின்சக்கர பிரேக்கில் இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கிரீஸ் அடைக்கவேண்டும். மிதித்தே மலையேறவும் ஆசை வந்தபோதுதான் கியர் மாட்டினார்கள். மண்ணைப் பார்த்து, தேவையைப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். நம் அண்ணன் அவர்கள் கண்டுபிடித்த விடைகளை மொத்தமாக விலைக்கு வாங்கினார். அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி விலைப்பட்டியலில் இல்லை.

அந்தக் கேள்வி எளிதானது: இந்த ஊரில் சைக்கிளை எதிர்த்து நிற்பது எது? மலை நாட்டில் புவியீர்ப்பு. ராமநாதபுரம் கரையில் முதல் எதிரி காற்று. கச்சான் எழும்பும் மாதங்களிலும் வாடை வீசும் மாதங்களிலும் இங்கே காற்று விளையாட்டுப் பொருள் அல்ல. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில், மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் ஒருவருக்கு எதிரே 25 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், அவர் நெஞ்சில் மோதுவது 40. காற்றின் தடை வேகத்தின் வர்க்கக் கணக்கில் ஏறுவதால், காற்றே இல்லாத நாளைவிட அது ஏழு மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் நடுத்தர உடம்புக்கு இது நூறு மீட்டருக்கு நாலைந்து மீட்டர் உயரும் சாலையில் ஏறுவது போலத்தான். ஆக, இங்கேயும் மலை இருக்கிறது, படுத்துக்கிடக்கிறது, அவ்வளவுதான். கியர் இங்கே வீண் என்று யாராவது சொன்னால், அவர்களும் அண்ணனைப் போலவே ஊரைப் பார்க்காதவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், அண்ணன் அந்தக் கியரைத் தொடுவதே இல்லை. ஏற்றம் இல்லாத இடத்தில் சின்னப் பல்லுக்கு மாற்றுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். முன்னால் 42 பல், பின்னால் 14 பல் என்று போட்டால் ஒரு மிதிக்குச் சக்கரம் மூன்று சுற்று, ஆறு மீட்டர் ஓடும். 24-க்கு 28 என்றால் இரண்டு மீட்டர்கூட ஓடாது, ஆனால் முழங்கால் தப்பிக்கும். அவர் எப்போதும் ஆறு மீட்டர்க்காரர். கச்சான் நாளில் ராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனைக்குக் கிளம்பினால் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது; இந்த வேகம் தன்னுடையது என்று நினைத்து அங்கிருந்தே நண்பர்களுக்குப் படம் அனுப்புகிறார். திரும்பும்போது அதே காற்று முகத்தில். அப்போதும் பெரிய பல்லிலேயே எழுந்து நின்று மிதிப்பார். முகுந்தராயர் சத்திரம் வருவதற்குள் மீன் ஏற்றி வரும் வேனுக்குக் கை காட்டியாயிற்று. அந்தப் பயணத்துக்குப் படம் கிடையாது.

அடுத்தது உப்பு. பாம்பன் கடற்பகுதியில் துரு எவ்வளவு கொடுமை என்பதற்கு ரயில்வேயைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். நூறாண்டு தாண்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று யோசித்து யோசித்துச் செய்தார்கள். அரசாங்கமே இவ்வளவு பயப்படும் காற்றில், பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சைக்கிளின் மெல்லிய செயினையும், பின்னால் தொங்கும் கியர் கையையும், முன் ஷாக்கின் பளபளக்கும் குழாயையும் அம்மணமாக வெளியே விட்டிருக்கிறார் அண்ணன். செயின் கவர் இல்லை, மட்கார்டு இல்லை. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஷாக் இறுகிப்போய் வெறும் எடையாகிவிடுகிறது. அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்பில் இலவசமாகக் கொடுக்கும் சைக்கிளில் இந்த வம்பெல்லாம் இல்லை. அதில் மட்கார்டு உண்டு, கேரியர் உண்டு. டிரெயில் என்றோ எண்டூரோ என்றோ எதுவும் எழுதியிருக்காது.

சாலை குண்டும் குழியுமாக இருக்கிறதே, ஷாக் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அந்த விலைக்குக் கிடைப்பது வெறும் ஸ்பிரிங். குழியில் அமுங்குவதைவிட, மிதிக்கும்போது அமுங்குவது அதிகம். இரண்டு அங்குல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் அதே சுகம் காசில்லாமல் கிடைக்கும். மணலில் ஓட்ட மலைச் சைக்கிள்தானே சரி என்று அண்ணனே ஒரு வாதம் வைத்திருக்கிறார். தனுஷ்கோடி மணலில் இரண்டு அங்குல டயர் புதைந்துதான் நிற்கும். நாலு அங்குல டயர் வேண்டும், அதிலும் காற்று பாதிக்கும் கீழே இருக்கவேண்டும். 2017-ல் சாலை வரும்வரை ஜீப்பும் வேனுமே திணறிய மணல் அது. கண்மாய்க் கரை இருக்கிறதே என்றால், இருக்கிறது. சீமைக்கருவேல முள்ளும் இருக்கிறது. அந்த முள்ளுக்கு டயரில் உள்ள குமிழ்கள் ஒரு பொருட்டே அல்ல. அகலமான டயர் அதிக முள்ளை அள்ளும் என்பதுதான் கண்ட பலன்.

அவர் காசு, அவர் கால், உங்களுக்கென்ன என்பதுதான் கடைசி எதிர்ப்பு. அவரோடு முடிந்தால் ஒன்றுமில்லைதான். ஆனால் டீக்கடையில் அவர் சொன்னதைக் கேட்டு ஏழாம் வகுப்புப் பையனுக்கு அதே சைக்கிள் வருகிறது. பை வைக்கக் கேரியர் இல்லாமல் முதுகில் எட்டுக் கிலோ; மழை நாளில் பின்சக்கரம் தெளிக்கும் சேறு சட்டையின் முதுகில் கோடு போட்டுவிடுகிறது. ஐப்பசி பிறந்ததும் அப்பாவும் பையனும் பஞ்சர் கடைக்கு வருகிறார்கள், சற்றுப் பின்னால் அண்ணனும் வருகிறார். கடைக்காரர் கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு, செயின் கவர் என்று ஒவ்வொன்றாகத் தனித்தனி விலைக்கு மாட்டுகிறார். எல்லாம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கேட்கிறார்: “அண்ணே, இந்தக் கியருதான் அடிக்கடி வம்பு பண்ணுது. இங்கிட்டு என்ன மலையா இருக்கு? கழட்டி ஒத்தப் பல்லாப் போட்டுறவா? என்ன சொல்றீக?”

காற்றுக்கு உதவும் ஒரே சாமான் அது. அண்ணன் யோசிக்கவே இல்லை.

“போட்டுருப்பா. எடையும் குறையும்.”