பரிசல் தேர்வியல்: மூங்கிலா, ஃபைபரா?

சுருக்கம்

நடுத்தர அளவுப் படகு ஒன்றை வாங்க விழையும் தர்மபுரி மாவட்டத்தார்க்கு உதவும் பொருட்டு, ஒகேனக்கல்லில் வழங்கும் இருவகைப் பரிசல்களை இக்கட்டுரை உலகத் தரத்தில் ஒப்பிடுகிறது. முடிவு பாதகமாக இருப்பின் அது உலகத் தரத்தின் குறை.

1. ஆய்வின் தேவை

வெளிநாட்டுப் பாய்மரப் படகு இதழ்கள் இரு படகுகளை அருகருகே நிறுத்தி நீளம், அகலம், மிதவை ஆழம், வேகம், கவிழாத்தன்மை எனக் கட்டம் போட்டு மதிப்பெண் இடுகின்றன. கடலே இல்லாத மாவட்டத்துக்கு இது எதற்கு எனின், அற்றன்று. பிலிகுண்டுலு வழியே தமிழ்நாட்டுக்குள் நுழையும் காவிரி முதலில் தொடுவது இப்பகுதியைத்தான். ஆறு இருக்கிறது, படகு இருக்கிறது, வாங்குவோரும் இருக்கிறார்கள். இல்லாதது கட்டம் மட்டுமே.

2. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் மூத்த ஆய்வாளர் கிரேக்கரான ஹெரோடோட்டஸ். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாபிலோனைப் பற்றி எழுதுகையில், கேடயம்போல் வட்டமான தோல் படகுகளைக் கண்டு வியக்கிறார். ஒவ்வொரு படகிலும் சரக்கோடு ஒரு கழுதையும் வரும். ஊர் சேர்ந்ததும் சரக்கை விற்பர், மரக்கூட்டையும் விற்பர், தோலை மட்டும் உரித்துக் கழுதைமேல் ஏற்றி நடந்தே திரும்புவர். நீரோட்டத்தை எதிர்த்துப் படகு ஏறாது என்பதே காரணம். பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியப் பரிசல் முதல் பிரிட்டன் பரிசல் வரை விரிவாக எழுதினார். இருவரும் எதை வாங்கலாம் என்று சொல்லாமல் போனது புலமை உலகுக்குப் பேரிழப்பு.

3. ஆய்வுப் பொருள்

(அ) மூங்கில் பரிசல்: மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அடியில் பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி, தார் பூசியது. முற்காலத்தில் ஷீட்டுக்குப் பதில் மாட்டுத்தோல்.

(ஆ) ஃபைபர் பரிசல்: அதே வட்டம், அச்சில் வார்த்தது. பின்னல் இல்லை, தார் இல்லை, உட்கார்ந்து எழுந்தால் வேட்டியில் கறுப்பும் இல்லை.

4. அளவுகோல்கள்

*நீளம், அகலம்.* இரண்டும் ஏழரை அடி. முன்னும் பின்னும் இல்லாத கலத்துக்கு நீளம் எது, அகலம் எது என்பது ஏறி அமர்ந்தவர் எத்திசை நோக்குகிறார் என்பதைப் பொறுத்தது. பரிசல் சுழல்வதால் இவ்விடை நொடிக்கு நொடி மாறும். மதிப்பெண் சமம்.

*மிதவை ஆழம்.* முப்பத்தெட்டு அடிப் பாய்மரப் படகுக்குத் தண்ணீருக்கடியில் ஏறத்தாழ ஆறடி வேண்டும். ஆள் ஏறிய பரிசலுக்கு ஒரு சாண் போதும். பாறை நிறைந்த ஒகேனக்கல்லில் ஆறடிக்காரர் படகை வாங்கலாம், ஓட்ட முடியாது.

*கவிழாத்தன்மை.* 1979இல் பாஸ்ட்நெட் பந்தயப் புயலில் 15 பந்தய வீரர்கள் மாண்ட பின், அமெரிக்கப் படகு வல்லுநர்கள் ஒரு சூத்திரம் கண்டனர். எடையைப் பவுண்டில் எடுத்து 64ஆல் வகுத்து, அதன் கனமூலத்தால் அகலத்தின் அடிக்கணக்கை வகுக்க வேண்டும். விடை 2க்கு மேல் போனால் அப்படகு ஆழ்கடலுக்கு ஆகாது. கூடு 60 கிலோ, ஆளுக்கு 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், வெறும் பரிசலுக்கு ஏறத்தாழ 6 வருகிறது. ஓட்டியோடு ஐவர் ஏறினால் 3.2. ஆள் ஏற ஏற எண் இறங்குகிறது. இருபத்தைந்து பேர் ஏறினால் 2க்குக் கீழே வந்து, பரிசல் ஆழ்கடல் தகுதி பெறுகிறது. அதே கணத்தில் ஆற்றின் அடித்தகுதியும் பெறுகிறது. எனவே உயிர்காப்பு அங்கி அணிவித்து அளவாக ஆள் ஏற்றும் நம் நடைமுறையே சூத்திரத்தைவிட மேலானது என்க.

*பருவநிலை.* கடலோடிகள் காற்றை அளப்பர். இங்கே அளப்பது கன அடி. பிலிகுண்டுலுவில் வரத்து ஏறியதும் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதிக்கும். அன்று இரு வகையும் கரையில் கவிழ்ந்தே கிடக்கும். வேறுபாடு காண இயலவில்லை.

*பழுது.* மூங்கில் பாறையில் இடித்தால் வளைந்து கொடுக்கும். ஷீட் கிழிந்தால் கரையிலேயே துண்டு வைத்துத் தார் காய்ச்சி ஒட்டலாம். ஃபைபர் எளிதில் கிழியாது, மட்காது. ஆனால் விரிசல் விட்டால் காயவைத்து, தேய்த்து, ரெசின் பூசி, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். ஆயுளில் ஃபைபருக்கும் அவசரத்தில் மூங்கிலுக்கும் ஒவ்வொரு மதிப்பெண்.

5. விடுபட்ட அளவுகோல்

இதுவரை போட்டி சமன். காரணம், எல்லா அளவுகோலும் படகு தண்ணீரில் இருக்கிறது என்று நம்புகின்றன. களத்தில் அப்படியில்லை. சின்னாறு துறையில் கிளம்பி மணல்திட்டுப் பக்கம் போகும் பரிசல், இடையில் பாறை வந்தால் கவிழ்ந்து ஓட்டியின் தலைமேல் ஏறும். அவர் அதைத் தொப்பியாக அணிந்து பாறையும் படியும் கடந்து மறுபடி நீரில் இறக்குவார். அதாவது ஆற்றில் அது மனிதரைச் சுமக்கும். கரையில் மனிதர் அதைச் சுமப்பார். இந்த இரண்டாம் பாதிக்கு எந்தப் படகு இதழும் கட்டம் போடவில்லை. ஹெரோடோட்டஸின் கழுதைக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆகவே வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது, “இதை யார் தூக்குவது?” என்பதே. ஃபைபரில் அடுக்கு கூடினால் உறுதி கூடும், கூடவே எடையும் கூடும். ‘ரொம்ப ஸ்ட்ராங்கு சார்’ என்று விற்பவர் சொல்லும்போது கழுத்து நரம்பு அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

6. முடிவு

ஒரே துறையில் நின்று, பல ஆண்டு ஓட்டி, தூக்க மகனோ மைத்துனனோ உள்ளவர்க்கு ஃபைபர். மற்றவர்க்கு மூங்கில். கோட்பாட்டளவில் மூங்கிலுக்கு இன்னொரு வலுவும் உண்டு: ஆற்றோடு போய், 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பை எட்டி, பாபிலோனிய முறைப்படி கூட்டை அங்கேயே விற்றுவிட்டு, ஷீட்டை மட்டும் சுருட்டிக்கொண்டு பேருந்தில் பென்னாகரம் திரும்பலாம். சுருட்டிய ஷீட்டுக்கு நடத்துநர் லக்கேஜ் போடுவாரா என்பது தனி ஆய்வுக்குரியது.