பென்குயின் தரிசனம்

மெல்போர்ன்

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

தை மாதம் இங்கே நடுக்கோடையாதலால், விடுமுறையை வீணாக்கலாகாது என்று, ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தொலைவில் பாலம் தாண்டி இருக்கும் பிலிப் தீவுக்குக் குடும்ப சகிதமாகப் போய்வந்தோம். கடலில் குளிப்பதற்கும் இந்தத் தேசத்தில் சாஸ்திரோக்தமான விதிகள் உண்டு. சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் நீராடவேண்டும். அதற்கு முன் தொப்பி, வெயில் தடுக்கும் களிம்பு முதலிய சம்பிரதாயங்கள் நடந்தேறவேண்டும். முகமெல்லாம் வெள்ளை பூசி நான் நின்ற கோலத்தைக் கண்டு தங்கள் குமாரத்தி சிரித்த சிரிப்பில் அலையோசையே அடங்கிவிட்டது.

அந்தி சாய்ந்ததும், சீட்டு வாங்கிய ஜனங்களெல்லாம் சம்மர்லாண்ட் கடற்கரைப் படிக்கட்டுகளில் குளிரில் நடுங்கியபடி மௌனமாகக் காத்திருக்க, பென்குயின்கள் கரையேறின. உலகத்துப் பென்குயின்களில் இவையே மிகச் சிறியவை. உயரம் சுமார் 33 சென்டிமீட்டர், எடை ஒரு கிலோ. புகைப்படம் எடுக்கக் கண்டிப்பான தடை. முன்னே வந்த ஒன்று கழுத்தை நீட்டிப் பார்த்து, கடற்காகம் ஒன்று சிறகசைத்ததும் திரும்பி ஓடி அலைக்குள் விழ, மற்றவையும் காரணம் விசாரியாமல் பின்தொடர்ந்தன. யாராவது வந்து அழைக்கட்டுமே என்று பந்தி வாசலில் தயங்கும் சம்பந்தி வீட்டாரைப்போல (நம் வீட்டாரைச் சொல்லவில்லை) நெடுநேரம் இப்படி வந்தும் போயும், கடைசியில் கும்பலாக மணலைக் கடந்து தத்தம் வளைகளுக்குச் சென்று, அங்கே கழுதைக் குரலில் குடும்பச் சண்டையைத் தொடங்கின.

அந்தக் கடற்கரை இருக்கும் முனையில் முன்பு மனிதர் வீடுகள் இருந்தன. பறவைகளுக்கு இடைஞ்சல் என்று, 1985இல் விக்டோரியா அரசாங்கம் அவற்றை விலைக்கு வாங்க முடிவுசெய்து, 2010இல் அந்தக் காரியத்தைப் பூர்த்தி செய்தது. ஒரு கிணற்றுப் பங்குக்காக ஆயுளில் பாதியைக் கோர்ட்டுப் படிகளில் கழித்த தாங்கள், வக்கீலும் வைக்காமல் வாய்தாவும் வாங்காமல் ஜெயித்த இந்தக் கட்சிக்காரர்களை அவசியம் பார்க்கவேண்டும். வண்டியை எடுக்குமுன் அதன் அடியில் பென்குயின் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அறிவிப்பு வேறு. இடுப்பு வலியைச் சாக்கிட்டு ஸ்வாமி சந்நிதியில்கூட நின்றபடியே கும்பிடும் நான், அங்கே சாஷ்டாங்கமாக விழுந்து பார்த்தேன்.

கடலில் கசிந்த எண்ணெய் இறகில் ஒட்டிக்கொண்டால், அதை அலகால் கோதி விழுங்கிவிடாதபடி, குளிப்பாட்டும் வரையில் இவற்றுக்குக் கம்பளிச் சட்டை மாட்டுகிறார்கள். அதைப் பல தேசத்துப் பாட்டிமார் பின்னி அனுப்புகிறார்கள். மாமி சென்ற வருஷம் எனக்கென்று பின்னியனுப்பிய சட்டை இந்தக் கைங்கரியத்துக்கு அளவெடுத்தாற்போல் இருக்கிறது. என் தலைதான் அதில் நுழையவில்லை. அடுத்ததை அளவு கேட்டுப் பின்னும்படி, என் பெயர் அடிபடாமல், தாங்களே மாமியிடம் பக்குவமாகச் சொல்லவேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் மாப்பிள்ளை